பம்பரம் படியால் இறங்கிய நாள்

1991 ஆகஸ்ட் 17 – 168.40
1993 மார்ச் 6 – 231.15
1995 நவம்பர் 11 – 274.50
1997 பிப்ரவரி 22 – 301.05
1997 அக்டோபர் 18 – 246.90

தேதியும் தொகையுமாக இருப்பதைப் பார்த்து என் மருமகள், “யாருக்கு மாமா இவ்வளவு பாக்கி?” என்று கேட்டாள். யாருக்கும் பாக்கி இல்லை. இவை மதிப்பெண்கள். ஒரு பெண் பத்து மீட்டர் மேடையிலிருந்து தண்ணீருக்குள் குதித்ததற்கு ஐந்து நடுவர்கள் கொடுத்தவை. நகராட்சி நீச்சல் குளத்து அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, போட்டி நடக்கும்போதெல்லாம் கணக்கு மேசையில் உட்கார்ந்து அவற்றைக் கூட்டிப் பெருக்கி எழுதியவன் நான். ஏறிக்கொண்டே வந்த தொகை ஐந்தாவது வரியில் ஏன் சரிந்தது என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குளத்தில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டோம். காற்றில் சுழல்வதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. பத்து வயதில் முதல்முறை வந்தபோது டிக்கெட் வரிசையில் அவளால் நிற்கவே முடியவில்லை. ஒற்றைக் காலில் திரும்பினாள், கம்பியில் தொங்கினாள், முன்னால் நின்றவரின் பையைச் சுற்றி வந்தாள். டிக்கெட் கொடுப்பவருக்குத் தலை சுற்றிவிட்டது. “ஏ பம்பரம், கொஞ்சம் நில்லு. உன்னைப் பாத்துக்கிட்டே சில்லறையை மாத்திக் கொடுத்துட்டேன்” என்றார். அன்றோடு பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது.

வீடு, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் இருந்த நாட்களைவிட வழியில் இருந்த நாட்களே அதிகம். அம்மாவுக்கு நூல் ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட். ஆகவே வீட்டை நடத்தியது அவளைவிட எட்டு வயது மூத்த அக்கா. அக்காவுக்கு எங்கள் குளத்தில் உயிர்காப்பாளர் வேலை. கழுத்தில் விசில், கையில் நீண்ட மூங்கில் கழி, உயரமான இரும்பு நாற்காலி. தங்கையைக் குளத்துக்கு அழைத்து வந்ததே, வீட்டில் விட்டுவிட்டு வந்தால் எதையாவது உடைத்துவைப்பாள் என்ற பயத்தில்தான். அடுப்பில் பால் பொங்குவதற்குள் சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நிற்பாள். கீழே விழும்போதெல்லாம் கடைக்காரர் காற்றடிக்கும் பம்பால் கூரையைத் தட்டுவார்: “மேல ஆளா இருக்கு, யானையா இருக்கு?”

குதிப்புப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் அவளைப் பன்னிரண்டாம் வயதில் மேடைக்கு ஏற்றினார். எங்கள் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்து மீட்டர் மேடையில் ஏறிவிட்டுக் குதிக்காமல் படியால் திரும்பி இறங்குகிறவர், அப்போது குளத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். பெயரே ‘படி டீ’. பந்தயம் கட்டி ஏறிய போலீஸ்காரர் ஒருவர் ஒரு மாதச் சம்பளத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு போனார். நானும் ஒருமுறை வேடிக்கை பார்க்க ஏறிவிட்டு, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, டீ வாங்கிக் கொடுத்தவன்தான். பம்பரம் வாங்கிக் கொடுத்ததே இல்லை. ஏறினால் குதித்துத்தான் இறங்குவாள். அதில் அவளுக்கு ஒரு திமிரும் இருந்தது. “எனக்கு அந்தப் படி ஒருவழிப் பாதை சார்” என்பாள்.

மேடைக் குதிப்பு பார்க்கிறவர்களுக்கு இரண்டு விநாடி. குதிக்கிறவருக்கு அதற்குள் பெரிய வேலை இருக்கிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுழலும்போது தண்ணீர், கூரை, தண்ணீர், கூரை என்று மாறி மாறித் தெரியும். எந்தத் தண்ணீரில் உடம்பை விரித்து நீட்ட வேண்டும் என்பதுதான் விஷயம். தண்ணீரின் மட்டம் கண்ணுக்குத் தெரிவதற்காகவே குழாயால் அதன்மேல் நீரைப் பீய்ச்சிக் கலக்கிக்கொண்டிருப்பார்கள். சரியான நேரத்தில் விரித்து, உள்ளங்கைகளை மடக்கித் தண்ணீரைப் பிளந்தால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்கும், நீர் எழும்பாது. ஒரு கணம் பிந்தினால், பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவருக்குத் தண்ணீர் தரையாகிவிடும்.

புதிய குதிப்பைக் கற்கும்போது கண் பழகும்வரை, கரையில் ஒருவர் நின்று ‘இப்போது விரி’ என்பதற்கு ஒரு குரல் கொடுப்பது எல்லாக் குளங்களிலும் உண்டு. பம்பரத்துக்குக் குரல் கொடுத்தவள் அக்கா. ‘ஹோய்!’ என்று ஒரே கத்தல். நாற்காலியில் இருந்தபடியே கத்துவாள். மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்: “மூணு வாரம் கத்து. அப்புறம் வாயைத் தைச்சுக்கோ. போட்டியில யாரும் வந்து கத்த மாட்டாங்க.” அக்காவும் ஒவ்வொரு புதிய குதிப்புக்கும் அப்படியே செய்தாள், மூன்று வாரம் முடிந்ததும் நிறுத்திவிடுவாள். மேலே உள்ள முதல் நான்கு தொகைகளும் அவள் வாய் திறக்காமல் வந்தவை.

நான்காவது தொகைக்குப் பிறகு, ஏப்ரலில், புதிதாக ஒரு குதிப்பைத் தொடங்கினாள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி மேடை விளிம்பில் நின்று, மேடையை நோக்கி உள்பக்கமாக மூன்றரைச் சுற்று. எங்கள் குளத்தில் எந்தப் பெண்ணும் அதைச் செய்ததில்லை. இரண்டாம் நாள் ஒரு குதிப்பில் தலை லேசாகத் திரும்பிவிட்டது. முகத்தின் வலப்பக்கம் தண்ணீரில் அடித்தது. எழுந்து வந்து மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஏறினாள். மறுநாள் காலையில்தான் வலது கண்ணில் கறுப்பாக ஏதோ உதிர்வதாக அக்காவிடம் சொன்னாள்.

கண் டாக்டர் ஒரு வயதான பெண்மணி. பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டார்.

“பூச்சி இல்ல டாக்டர். பாத்திரத்து அடியில இருக்கிற கரி உதிர்ற மாதிரி.”

“கண்ணுக்குள்ள இருக்கிற திரை கிழிஞ்சிருக்கு. ஓரத்தை லேசர் வெச்சு ஒட்டிடலாம். ஆனா அந்தப் பக்கம் பார்வை மங்கலாத்தான் இருக்கும். இனிமே மேலேயிருந்து குதிக்கிற வேலையே வேணாம். இன்னொரு அடி விழுந்தா திரை மொத்தமா கழண்டு வந்துடும்.”

“அஞ்சு மீட்டர்லேயிருந்து?”

“வேணாம்.”

“மூணு?”

“நான் என்ன காய்கறிக் கடையா வெச்சிருக்கேன், பேரம் பேசுறே?”

ஆஸ்பத்திரி வாசலில் அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டதை அக்கா பின்னால் என்னிடம் சொன்னாள். அக்டோபரில் தேர்வுப் போட்டி. அதில் முதலாவதாக வருகிறவர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவார். பத்து வருடங்களாகப் பம்பரம் விடிகாலையில் எழுந்தது அதற்காகத்தான்.

“மாஸ்டர்கிட்ட சொல்லாதேக்கா. அக்டோபர் வரைக்கும் மட்டும்.”

“குருட்டுக் கண்ணோட வெளிநாடு போய் என்னத்தடி பாக்கப் போறே?”

“இன்னும் குருடாகலையே. நீதான் இருக்கியே, கத்து.”

அக்கா கடைசியில் இறங்கி வந்தாள். “அக்டோபர்னா அக்டோபர்தான். அதுக்கு மேல ஒரு நாள் ஏறினாலும் நானே உன்னை அந்த நாற்காலியோட சேர்த்துக் கட்டிப் போட்டுடுவேன்” என்றாளாம்.

ஆக, மூன்று வாரத்தில் நிற்க வேண்டிய கத்தல் நிற்கவில்லை. மே, ஜூன், ஜூலை என்று தொடர்ந்தது. சுழலும்போது பம்பரத்துக்கு எது தண்ணீர், எது கூரை என்று பிடிபடவில்லை. அக்காவின் குரல்தான் அவளுக்குக் கண். மாஸ்டருக்கு விஷயம் தெரியாது. அவர் எரிச்சல்பட்டுக்கொண்டே இருந்தார். “இருபது வயசாச்சு, இன்னும் உனக்குப் பால் புட்டியா? ஏம்மா, நீயாவது நிறுத்தக் கூடாதா?” என்று இருவரையும் திட்டுவார். மறுநாளும் அக்கா கத்துவாள்.

அந்தக் கோடையில் பம்பரம் சுழன்ற சுழற்சி சொல்லி மாளாது. கணக்கு மேசைக்கு வருவாள், என் பேனா மூடியைத் திறந்து மூடுவாள், ஆறு வருடத்துக்கு முந்திய தொகையைக் கேட்பாள், நான் சொல்வதற்குள் போய்விடுவாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு மறு கண்ணைப் பொத்துவாள். எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது.

அக்டோபர் 18. தேர்வுப் போட்டி எங்கள் குளத்திலேயே நடந்தது. உயிர்காப்பாளர் நாற்காலியில் அக்கா. காலையில் தங்கை அவளிடம் சொன்னது இது: “நீ கத்தாட்டியும் எனக்கு உள்ளுக்குள்ள கேட்கும்க்கா. அவ்வளவு தடவை கேட்டாச்சு.” முதல் நான்கு குதிப்புகளும் அவள் வருடக்கணக்காகச் செய்தவை, உடம்புக்கே தெரியும். நான்கும் முடிந்தபோது அவள்தான் முன்னால் இருந்தாள். ஐந்தாவது, மூன்றரைச் சுற்று.

மேடை விளிம்பில் குதிகால்கள் வெளியே நீட்டி நின்றாள். தலைமை நடுவர் விசில் ஊதினார். கிளம்பினாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. முழங்கால்கள் கட்டியபடியே இருந்தன. அப்போது நாற்காலியிலிருந்து “ஹோய்!” என்ற கத்தல் குளமே அதிரக் கேட்டது. அதே நொடியில் உடம்பு விரிந்தது. துணி கிழிகிற சத்தம். தண்ணீர் எழும்பவே இல்லை.

நடுவர்கள் ஐந்து பேரும் அட்டைகளைத் தூக்கிவிட்டார்கள்: 8, 8.5, 8, 8, 8.5. மிக அதிகம் ஒன்று, மிகக் குறைவு ஒன்று நீக்கி, மிச்சத்தைக் கூட்டி, குதிப்பின் கடினத்துக்கான 3.2-ஆல் பெருக்கினால் 78.40. என் கை தானாக எழுதிவிட்டது. அதற்குள் தலைமை நடுவர் எழுந்து என் மேசைக்கு வந்தார். தொடக்க விசிலுக்குப் பிறகு குதிப்பவருக்கு யாரும் எந்த உதவியும் செய்யக் கூடாது என்பது விதி. “பூஜ்யம் போடுங்க” என்றார். 78.40-ஐ அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். பம்பரம் சிரித்துக்கொண்டே தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, மதிப்பெண் பலகையைப் பார்த்தாள்.

உடை மாற்றும் அறையில் அவள் போட்ட கூச்சல் டிக்கெட் ஜன்னல்வரை கேட்டது.

“ஏன்க்கா கத்துனே?”

“நீ விரிக்கலடி.”

“விரிக்கத்தான் போனேன்! கத்தாட்டி நானே விரிச்சிருப்பேன்!”

“நீ விரிக்கல. தாண்டிட்டே. முகம்தான் அடிச்சிருக்கும்.”

“நீ பழக்கதோஷத்துல கத்திட்டு இப்போ கதை விடுறே!”

அன்று தொடங்கிய அந்தக் கேள்வி பல மாதம் அந்த இரண்டு அறைகளில் சுற்றிச் சுற்றி வந்தது.

போட்டியை நடத்திய நீச்சல் சங்கத்துக்கு மேல்முறையீடு எழுதச் சொன்னார் மாஸ்டர். நான்தான் தட்டச்சு செய்தேன். உயிர்காப்பாளர் பணியில் இருந்தவர். அவர் கத்துவது அவருடைய வேலை. அதை உதவி என்று கொள்ளக் கூடாது என்பது வாதம். நவம்பர் கடைசியில் பதில் வந்தது: யாரைப் பார்த்து, எதற்காகக் கத்தினார் என்று உயிர்காப்பாளரே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பழக்கத்தில் கத்தினேன் என்று எழுதினால் அது உதவி, பூஜ்யம் நிற்கும். ஆபத்தைப் பார்த்து எச்சரித்தேன் என்று எழுதினால், அத்தனை தேர்ந்த பெண்ணுக்கு எச்சரிக்கை எதற்கு என்று கேட்பார்கள். கண் விஷயம் வெளியே வரும். அப்புறம் மேடையே கிடையாது. பம்பரம் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

“சின்னக் குளத்துக் கரையில ஒரு குழந்தை ஓடுச்சு, அதைப் பாத்துக் கத்துனேன்னு எழுதுக்கா.”

“அன்னைக்குச் சின்னக் குளத்துல தண்ணியே இல்லையேடி. பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தாங்க.”

“அது சங்கத்துக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியுமே.”

அக்கா எழுதவில்லை. மறுக்கவும் இல்லை. காகிதம் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது. தினமும் சாப்பிடும்போது அதை நகர்த்திவைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். பம்பரம் ஒவ்வொரு காலையும் குளத்துக்கு வந்தாள்; பதில் சாதகமாக வந்தால் உடனே தயாராக இருக்க வேண்டுமாம். மேடையிலிருந்து சாதாரணக் குதிப்புகளாகக் குதித்தாள். அக்கா கத்த மறுத்துவிட்டாள். “அக்டோபர் முடிஞ்சிடுச்சு” என்பதோடு சரி. ஒவ்வொரு முறை தங்கை தண்ணீருக்குள் போகும்போதும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நாற்காலியோடு கட்டிப் போடுவேன் என்று சொன்னவள், தானே அதில் கட்டுண்டவள் மாதிரி இருந்தாள்.

ஜனவரி 24-ஆம் தேதி காலை பம்பரம் நேராக நாற்காலிக்கு அடியில் போய் நின்றாள். மாஸ்டர், டிக்கெட்காரர், பயிற்சிக்கு வந்த பையன்கள், நான் எல்லோரும் இருந்தோம்.

“இன்னைக்கு அந்த மூணரையைக் குதிக்கிறேன். நீ வாயே திறக்கக் கூடாது. நான் ஒழுங்கா விரிச்சுட்டேன்னா, அன்னைக்கும் விரிச்சிருப்பேன்னு அர்த்தம். நான் சொல்ற மாதிரி எழுதிக் கொடுத்துடணும்.”

“கண்ணு போச்சுன்னா?”

“இன்னொண்ணு இருக்குல்ல.”

மாஸ்டர் திரும்பினார். “என்ன கண்ணு? யாருக்குக் கண்ணு?”

பம்பரம் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள். அக்கா மூன்றே வாக்கியத்தில் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே படியேறினார். அவருக்கு முழங்கால் வலி. பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். “இறங்குடி கீழே! ஏய்! காது கேக்கலையா?” அக்கா விசிலைக் கழற்றி நாற்காலிக் கம்பியில் மாட்டினாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உதடுகளைக் கடித்திருந்தாள்.

மேலே பம்பரம் முதுகைக் காட்டி நின்றாள். குதிகால்கள் வெளியே. கைகள் மேலே. எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. கைகளை இறக்கினாள். தோளை உதறினாள். மறுபடி தூக்கினாள். தண்ணீரைப் பீய்ச்சும் குழாயின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி இறக்கினாள்.

பிறகு ஈரக் கால்கள் இரும்புப் படியில் பதியும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் கம்பியோடு ஒட்டி நின்று வழிவிட்டார். திட்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் தரைக்கு வந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எத்தனை பேர் இருக்கோம்?” என்று கேட்டாள். எங்களுக்கு முதலில் புரியவில்லை. டிக்கெட்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்னையும் சேர்த்துக்கோம்மா. காலையிலேயிருந்து ஒண்ணுமே குடிக்கல” என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

டீக்கடை பெஞ்சில் உட்காராமல், அதைச் சுற்றி நடந்துகொண்டே அக்காவிடம் சொன்னாள்: “மேல நின்னா, உன் குரலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்க்கா. அது வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் காத்துக்கிட்டிருந்தேன். அப்போ அன்னைக்கு நான் விரிச்சிருக்க மாட்டேன்.”

அக்கா தம்ளரிலிருந்து ஒரு மடக்குக் குடித்தாள். “எனக்குச் சர்க்கரை கம்மியா போடச் சொல்லுன்னேனே, சொன்னியா?” என்றாள்.

உப்பு ஜாடிக்கு அடியில் இருந்த காகிதம் அன்றே அடுப்பு துடைக்கப் போய்விட்டது. பம்பரம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். உட்கார்ந்து செய்யும் வேலை அவளுக்கு ஒத்துவராது; இது தெருத்தெருவாக, மாடிமாடியாகச் சுற்றும் வேலை. “நாள் பூரா படியாலதான் இறங்குறேன் சார். கணக்குப் போட்டா ஊருக்கே டீ வாங்கித் தரணும்” என்பாள்.

அவ்வளவோடு முடிந்தது என்று நினைத்திருந்தோம். ஆனால் மார்ச் 19-ஆம் தேதி சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. உயிர்காப்பாளரின் கடிதம் வராததால் கிடைத்ததை வைத்து முடிவு செய்திருந்தார்கள். பணியில் இருக்கும் உயிர்காப்பாளரின் குரலை உதவியாகக் கொள்ள முடியாது, பூஜ்யம் நீக்கப்படுகிறது, மொத்தம் 325.30, முதல் இடம். டாக்டர் சான்றிதழோடு பயிற்சி முகாமில் சேர ஒப்புதல் எழுதி அனுப்பவும்.

பம்பரம் அதை என் மேசை அருகே நின்று படித்தாள். நின்று என்றா சொன்னேன்? மேசையைச் சுற்றிக்கொண்டே படித்தாள்.

“வேற டாக்டர்கிட்ட போனா சான்றிதழ் வாங்கிடலாம் சார்.”

“வாங்கலாம்.”

“அக்கா கத்தினா குதிச்சிடுவேன். அங்க அக்கா வர மாட்டா.”

நான் என் நோட்டைத் திறந்து, தொகையை மாற்றி எழுதலாமா என்று கேட்டேன். விதிப்படி மாற்ற வேண்டியதுதான். அவள் தலையை ஆட்டினாள். “மாத்தாதீங்க. அந்தக் குதிப்புல பாதி அக்காவோடது. ஒருத்தி பேருல எப்படி எழுதுவீங்க?” நான் மாற்றவில்லை.

ஆனால் வரமாட்டேன் என்று சங்கத்துக்கு எழுதவும் அவளுக்குக் கை வரவில்லை. அக்கா ஒருமுறைகூடக் கேட்கவில்லை; ஆனால் பணி முடிந்தும், தங்கை மீட்டர் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரை குளத்து வாசலிலேயே நிற்பாள். மாஸ்டர் பொறுமை இழந்தார்.

“முடியாதுன்னு ஒரு வரி எழுதிப் போடேன்டி.”

“எழுத வரல மாஸ்டர்.”

“அப்போ வர்றேன்னு எழுது!”

“அதுவும் வரல.”

கடிதத்தை மடித்து மடித்து மீட்டர் புத்தகத்தின் அட்டைக்குள் செருகிவைத்திருந்தாள். மடிப்புகளில் எழுத்து அழிந்துபோயிற்று. குளத்துத் தெரு வழியாக வரும்போதெல்லாம் என் அலுவலக ஜன்னலில் தட்டுவாள்.

“ஏதாவது வந்துச்சா சார்?”

“நீ பதில் போடாம அங்கேயிருந்து என்ன வரும்?”

“அதான், என்ன வருதுன்னு பாக்குறேன்.”

ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. குளத்துப் பக்கம் வரும்போது மேடையை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஆனால் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

ஒரு நாள் தபால்காரர் கொடுத்த உறையை எடுத்து வைத்திருந்தேன். ஜன்னலில் தட்டியவள் அதை வாங்கிக் கிழித்தாள். இரண்டே வரி. பதில் வராததால் அவள் இடம் இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கப்பட்டது, முகாம் தொடங்கிவிட்டது. இடக்கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, வலக்கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை படித்தாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது” என்றேன்.

“இதையும் தேதி போட்டு எழுதிக்குவீங்களா?”

“எழுதிக்குவேன்.”

“எழுதிக்குங்க. நான் போய் அக்காகிட்ட சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்க மீட்டரைப் பாத்துடுறேன், எங்க இருக்கு, பின்பக்கமா?” என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: 1998 ஜூன் 3.